வில்லங்கச் சான்றில் இல்லாத வாய்க்கால்

(வீடு கட்டவிருப்போருக்காகத் தாம்பரத்தில் ஒரு நூலக வாசகர் வட்டம் கூட்டிய நிகழ்ச்சியில், ஓய்வுபெற்ற கட்டடப் பொறியாளர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



என் அப்பா 1986இல் தாம்பரத்துக்கு மேற்கே ஒரு கிரவுண்டு மனை வாங்கினார். ரயில்வேயில் வேலை, மூன்று பிள்ளைகள், வாடகை வீடு. அவருடைய வாழ்நாள் சேமிப்பு அந்த 2,400 சதுர அடிக்குள் போயிற்று. மனையின் பின்பக்கம் கொஞ்சம் பள்ளமாக இருந்தது. "மழைக்கு லேசா தண்ணி நிக்கும் சார், நாலு லோடு மண்ணு அடிச்சா சரியாயிடும்" என்றார் விற்றவர். அப்பா ஆறு லோடு அடித்தார். வில்லங்கச் சான்று வாங்கினார். தெரிந்த வக்கீலிடம் மூலப்பத்திரத்தைக் காட்டினார். எல்லாம் சுத்தம் என்றார் வக்கீல். வீடு எழும்பியது.

29 ஆண்டுகள் அந்த வீட்டில் ஒரு குறையும் இல்லை. 2015 டிசம்பர் 1ஆம் தேதி இரவு தண்ணீர் வந்தது. அந்த ஒரு நாளில் தாம்பரத்தில் பெய்த மழை 49 சென்டிமீட்டர். நாங்கள் எல்லோரும் தெருப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தோம். வாசற்படியில் மணல் மூட்டை அடுக்கியிருந்தோம். தண்ணீரோ பின்சுவரின் அடியிலிருந்து வந்தது. சமையலறைத் தரையில் ஓடுகள் பெயர்ந்து எழும்பின. அம்மாவை நாற்காலியோடு தூக்கி மாடிக்கு ஏற்றினோம். விடியும்போது கீழே இடுப்பளவு தண்ணீர்.

வெள்ளம் வடிந்து மூன்று வாரம் கழித்து வட்டாட்சியர் அலுவலகத்தில் எங்கள் சர்வே எண்ணுக்குப் புலப்பட நகல், அதாவது நில அளவை வரைபடத்தின் நகல், வாங்கினேன். அப்போது நான் 28 வருடம் பொறியாளராக இருந்தவன். நூற்றுக்கணக்கான வீடுகளுக்கு வரைபடம் போட்டுக் கையெழுத்திட்டவன். என் அப்பாவின் மனைக்குரிய புலப்படத்தை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பிரித்துப் பார்த்தேன். அதில் இரண்டு கோடுகள் இணையாக ஓடின. இடையில் பத்துக் கண்ணி அகலம்; அதாவது ஆறரை அடிக்குச் சற்று மேல். மேலே உள்ள ஏரியிலிருந்து கீழே உள்ள ஏரிக்குப் போகும் மிகைநீர் வாய்க்கால் அது. எங்கள் பின்சுவர் அந்தக் கோடுகளுக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தது. எங்கள் வரிசையில் இன்னும் நான்கு வீட்டுச் சுவர்களும் அப்படியே.

அப்பா வாங்கிய வில்லங்கச் சான்று பொய் சொல்லவில்லை. அடமானம், விற்பனை, பாகப்பிரிவினை, நீதிமன்றப் பற்றுகை இவற்றையெல்லாம் அது சொல்லும். மனைக்குள் ஒரு வாய்க்கால் ஓடுகிறது என்பதை அது சொல்லாது. சொல்லவேண்டிய கட்டாயமும் அதற்கு இல்லை. நான் இன்று பேச வந்திருப்பது சான்றில் உள்ள அந்தக் காலி இடத்தைப் பற்றித்தான்.

நீர்நிலைக்கு அருகில் வீடு கட்ட அனுமதி பெறுவது எப்படி என்பது எனக்குக் கொடுத்த தலைப்பு. அனுமதிக்கு முன்னால் இந்த மண்ணில் தண்ணீர் எப்படிப் போகிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். தெரிந்தவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம்முடைய ஏரிகள் தனித்தனிக் குளங்கள் அல்ல. ஒன்றின் கலங்கல் வழியே வழிவது அடுத்ததற்கு வரத்து. கரையில் மதகு இருக்கும், அது வயலுக்கு. ஓரத்தில் கலங்கல் இருக்கும், அது நிரம்பி வழிவதற்கு. கரைக்கு உள்ளே தண்ணீர் பரவும் இடம் உள்வாய். ஏரி முழுவதும் நிரம்பும்போது உள்வாயின் கடைசி ஓரம் எங்கே இருக்கும் என்பது கலங்கலின் உயரத்தைப் பொறுத்தது. கோடையில் பார்த்தால் அந்த ஓரம் தெரியாது. மாடு மேயும், பையன்கள் கிரிக்கெட் ஆடுவார்கள். மனை விற்பவர்கள் உங்களைக் கூட்டிப் போவதும் சித்திரை வைகாசியில்தான்.

2015இல் முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியதற்குச் செம்பரம்பாக்கத்தைத் திறந்ததுதான் காரணம் என்று இன்றும் பலர் நினைக்கிறார்கள். செம்பரம்பாக்கத்தின் உபரிநீர் திருநீர்மலை அருகேதான் அடையாற்றில் சேர்கிறது. முடிச்சூர் அதற்கு மேலே இருக்கிறது. இங்கே வந்தது ஆதனூர், மண்ணிவாக்கம் பக்கத்து ஏரிகளின் தண்ணீர். சின்னச் சின்ன ஏரிகள், யாரும் பெயர் சொல்லாத வாய்க்கால்கள். அந்தத் தண்ணீர் போக வழியில்லாமல் நம் வீடுகளுக்குள் போயிற்று.

ஏரிக்குள் வீடு கட்டுவதை ஏழைகள் ஆரம்பிக்கவில்லை. இதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். 1920களில் மாம்பலத்தின் நெடிய ஏரியை வடித்துத் தியாகராய நகர் உருவானது. நுங்கம்பாக்கம் ஏரி இருந்த இடத்தில் 1976இல் வள்ளுவர் கோட்டம் திறக்கப்பட்டது. அங்கே இன்றும் 'லேக் ஏரியா' என்றும் 'டேங்க் பண்ட் ரோடு' என்றும் தெருக்கள் இருக்கின்றன. மேற்கு மாம்பலத்தில் 'லேக் வியூ ரோடு' இருக்கிறது. முகப்பேரிலும் அம்பத்தூரிலும் வீட்டு வசதி வாரியத்தின் திட்டங்களுக்குப் பெயரே 'ஏரித் திட்டம்'. மதுரையில் உயர் நீதிமன்றக் கிளை நிற்பது உலகனேரிக் கண்மாயில். அரசே வழிகாட்டிய பாதையில்தான் நடுத்தரக் குடும்பங்கள் மனை வாங்கின. ஆகவே வெள்ளம் வந்த வீட்டைப் பார்த்து "ஏரியில போய் ஏன் கட்டினீங்க" என்று கேட்பவர்களோடு எனக்கு உடன்பாடு கிடையாது.

சரி, அனுமதிக்கு வருவோம்.

முதல் கேள்வி, மனை அங்கீகரிக்கப்பட்டதா என்பது. அங்கீகாரம் தருவது சென்னைப் பெருநகர எல்லைக்குள் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம் (சி.எம்.டி.ஏ.), வெளியே நகர் ஊரமைப்பு இயக்ககம் (டி.டி.சி.பி.). 'பஞ்சாயத்து அப்ரூவல்' என்று என் அப்பாவிடம் சொன்னது அங்கீகாரமே அல்ல. மனைப்பிரிவுக்கு ஒப்புதல் தரும் அதிகாரம் ஊராட்சித் தலைவருக்கு இருந்ததில்லை. 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமில்லாத மனைகளின் பத்திரப் பதிவுக்குத் தடை விதித்தது. அதற்குப் பிறகு 2017இல் வரன்முறை விதிகள் வந்தன. 2016 அக்டோபர் 20க்கு முன் விற்ற மனைகளைக் கட்டணம் கட்டி முறைப்படுத்திக்கொள்ளலாம் என்றார்கள். ஆனால் அந்த விதிகளிலும் ஏரி, குளம், கால்வாய், வாய்க்கால் இவற்றில் விழுந்த மனைக்கு வரன்முறை கிடையாது.

இரண்டாவது கட்டட அனுமதி. இது இப்போது மிகவும் சுலபம். 2024 ஜூலை முதல் 2,500 சதுர அடி வரையான மனையில், 3,500 சதுர அடி வரை, தரைத்தளமும் முதல் தளமும் கட்டுகிறவர்கள் சுயசான்று கொடுத்து இணையத்திலேயே உடனடியாக அனுமதி பெறலாம். மாதக்கணக்கில் அலைந்தவர்களைப் பார்த்தவன் நான். கைக்காசு கொடுத்துக் காரியம் முடித்தவர்களையும் பார்த்திருக்கிறேன். அந்த அலைச்சல் ஒழிந்ததில் எனக்கு உண்மையான மகிழ்ச்சி. ஒன்றை மட்டும் மனத்தில் வையுங்கள். சுயசான்று என்றால் மனையைப் பற்றிச் சொல்லும் எல்லாவற்றுக்கும் நீங்களே பொறுப்பு. முன்னெல்லாம் ஒரு ஆய்வாளர் வந்து, எட்டிப் பார்த்து, "பின்னாடி என்ன ஓடையா?" என்று ஒரு வார்த்தை கேட்பார். இப்போது அந்த வார்த்தையை நீங்களேதான் கேட்டுக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது, பெரிய மனைப்பிரிவு, அடுக்குமாடி, வெள்ளம் தேங்கும் பகுதி என்றால் நீர்வளத் துறையின் தடையின்மைச் சான்று. என்.ஓ.சி. என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். இங்கே கொஞ்சம் நிற்கிறேன், ஏனென்றால் பிரச்சினையின் வேர் இங்கே இருக்கிறது.

உதவிப் பொறியாளர் வந்து பார்ப்பார். பக்கத்து ஏரியின் முழு நீர்மட்டம், அதிகபட்ச வெள்ள மட்டம், மனையின் தரைமட்டம் மூன்றையும் கடல்மட்டத்திலிருந்து கணக்கிடுவார்கள். ஏரிகளின் இந்த விவரமெல்லாம் 'மெமாயர்' என்ற பழைய ஏடுகளில் இருக்கிறது. 1883இல் தொடங்கிய ஏரிப் புனரமைப்புத் திட்டத்தில் வெள்ளைக்காரப் பொறியாளர்களும் நம் ஊர் ஓவர்சியர்களும் ஏரி ஏரியாக நடந்து அளந்து எழுதியவை. அவற்றை ஒட்டித்தான் நிபந்தனை எழுதுவார்கள். மனையை இன்ன மட்டம் வரை மண் நிரப்பி உயர்த்த வேண்டும். வாய்க்காலுக்கு இவ்வளவு அகலம் விட வேண்டும். பாதை குறுக்கே போனால் சிறுபாலம் கட்ட வேண்டும்.

இதில் முதல் நிபந்தனையைப் பாருங்கள். வெள்ளம் வரும் மனையா, அப்படியானால் உயர்த்து. வீட்டுக்கு அது பாதுகாப்புதான். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு கிரவுண்டை நான்கு அடி உயர்த்தினால் 9,600 கன அடி இடம் மண்ணால் நிரம்புகிறது. அந்த இடத்தில் மழைக்காலத்தில் நின்ற தண்ணீர் ஏறத்தாழ 2,70,000 லிட்டர். 12,000 லிட்டர் டேங்கர் லாரியில் 22 லோடுக்கு மேல். ஒரே ஒரு மனைக்கு இது. 100 மனை கொண்ட ஒரு நகர் என்றால் 2,000 டேங்கருக்கு மேல். அவ்வளவும் எங்கே போகும்? பக்கத்துத் தாழ்வான மனைக்கு. அந்த வீட்டுக்காரர் ஐந்து வருடம் கழித்து இடித்துவிட்டு ஐந்தடி உயர்த்துவார். நம் புறநகர்த் தெருக்களில் ஒவ்வொரு வீட்டுக்கும் வாசற்படி ஒரு உயரத்தில் இருப்பது இதனால்தான். சாலையும் உயரும், வீடும் உயரும், கடைசியில் உயர்த்தக் காசில்லாதவர் வீட்டில் தண்ணீர் நிற்கும்.

அனுமதிப் படிவங்கள் எல்லாம் இந்தத் தண்ணீரிலிருந்து வீட்டை எப்படிக் காப்பாற்றுவது என்று கேட்கின்றன. இங்கே நின்ற தண்ணீர் இனி எங்கே நிற்கும் என்று ஒரு படிவமும் கேட்பதில்லை. 33 வருட வேலையில் நான் கற்றுக்கொண்டதில் இதைவிடப் பெரிதாக ஒன்றும் இல்லை.

நான்காவது, சில இடங்களுக்குத் தனிக் கட்டுப்பாடு. சி.எம்.டி.ஏ.வின் இரண்டாவது முழுமைத் திட்டம் செங்குன்றம் ஏரியின் நீர்பிடிப்புப் பகுதி, பள்ளிக்கரணைச் சதுப்புநிலப் பகுதி, கடலோரத்தில் நிலத்தடி நீர் ஊறும் பகுதி ஆகியவற்றைத் தனியே குறித்திருக்கிறது. கடல் ஏற்றம் எட்டும் ஆற்றங்கரை, கழிமுகம் என்றால் கடலோர ஒழுங்குமுறை விதிகள் வரும். சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு என்பது 20,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் உள்ள கட்டுமானத்துக்கு. தனி வீட்டுக்கு அது வராது.

இத்தனை சட்டம் இருந்தும் என் அப்பாவின் வாய்க்காலை ஏன் ஒன்றும் பிடிக்கவில்லை என்று வெகுநாள் யோசித்தேன். சட்டங்களை எடுத்துப் படித்தபோது புரிந்தது. ஏரிகளைப் பாதுகாக்கத் தமிழ்நாடு 2007இல் ஒரு சட்டம் இயற்றியது. நல்ல சட்டம். ஆனால் அதில் ஏரி என்றால் பொதுப்பணித் துறையின் பொறுப்பில் உள்ள ஏரி. 40 ஹெக்டேருக்குக் குறைந்த ஆயக்கட்டு உள்ள சிற்றேரிகள் ஊராட்சி ஒன்றியங்களிடம் இருப்பவை. அவை அந்த வரையறைக்கு வெளியே நின்றன. மத்திய அரசின் ஈரநில விதிகள் 2017இல் வந்தன. அறிவிக்கப்பட்ட ஈரநிலத்தின் சராசரி வெள்ள மட்டத்திலிருந்து 50 மீட்டருக்குள் நிரந்தரக் கட்டடம் கூடாது என்கின்றன அவை. ஆனால் பாசனத்துக்கென மனிதர் கட்டிய நீர்நிலைகளும் ஆற்றுப் பாதைகளும் அந்த விதிகளின்படி ஈரநிலம் அல்ல. தமிழ்நாட்டின் ஏரி பெரும்பாலும் மனிதர் பாசனத்துக்குக் கட்டியதுதானே! ஆயிரம் வருடமாக நாரை வந்து கூடு கட்டினாலும் சட்டத்தின் கண்ணுக்கு அது கட்டுமானம். அதே 2017இல் உச்ச நீதிமன்றம், செயற்கைக்கோள் வழியே கணக்கெடுத்த 2,01,503 ஈரநிலங்களையும் காக்க வேண்டும் என்றது. அந்தக் கணக்கு 2.25 ஹெக்டேருக்கு மேற்பட்டவற்றுக்கு. ஆறரை அடி வாய்க்கால் செயற்கைக்கோளுக்குத் தெரியாது. புலப்படத்துக்கு மட்டும்தான் தெரியும்.

பள்ளிக்கரணையைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பேச்சை முடிக்க முடியாது. நம் முன்னோர் அதைக் கழுவெளி என்றார்கள். சுமார் 250 சதுர கிலோமீட்டரில் பெய்யும் மழை, தென்சென்னையின் 30க்கும் மேற்பட்ட ஏரிகள் வழியாக அங்கே வந்து சேர்ந்து, ஒக்கியம் மடுவு வழியே பக்கிங்காம் கால்வாய்க்குள் இறங்கி, முட்டுக்காட்டில் கடலுக்குப் போகிறது. 1960களில் 5,000 ஹெக்டேருக்கு மேல் இருந்த நிலம். வருவாய்க் கணக்கில் பெரும்பாலும் தரிசு, புறம்போக்கு என்றே எழுதப்பட்டது. எழுத்தில் தரிசான இடத்தில் குப்பைமேடு வந்தது, நிறுவனங்கள் வந்தன, ரயில் பாதை வந்தது, நகர்கள் வந்தன. எஞ்சியதில் ஒரு பகுதி 2007இல் காப்புக்காடானது. 2022 ஏப்ரலில் 1,247 ஹெக்டேர் ராம்சர் தலமாக, அதாவது பன்னாட்டு முக்கியத்துவம் உள்ள ஈரநிலமாக, பட்டியலில் சேர்ந்தது. அதில் காப்புக்காடு சுமார் 700 ஹெக்டேர். மீதி எந்தெந்த சர்வே எண், எல்லை யார் வீட்டு வேலியில் முடிகிறது என்று தரையில் அளந்து கல் நடுவதற்குள் பல கட்டடங்களுக்கு அனுமதி கொடுத்தாகிவிட்டது. 2025 செப்டம்பரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு, அளந்து முடிக்கும் வரை ராம்சர் எல்லையைச் சுற்றி 1 கிலோமீட்டருக்குள் புதிய அனுமதி தரக்கூடாது என்றது.

அந்த ஒரு கிலோமீட்டருக்குள் பெரிய கட்டுமான நிறுவனங்களும் இருந்தன. வங்கிக் கடன் வாங்கி, பழைய வீட்டை இடித்து, வாடகைக்கு வெளியே போய், அனுமதிக்குக் காத்திருந்த குடும்பங்களும் இருந்தன. எனக்குத் தெரிந்த ஒரு பெண்மணி, ஓய்வுபெற்ற ஆசிரியை, என்னிடம் வந்து கேட்டார்: "அண்ணா, முப்பது வருஷம் முன்னாடி சி.எம்.டி.ஏ. அப்ரூவ் பண்ண மனைதானே இது? இப்ப நான் என்ன தப்பு பண்ணேன்?" அவர் எந்தத் தப்பும் செய்யவில்லை. அதே சமயம் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரியிலும் பள்ளிக்கரணையிலும் நாட்கணக்கில் தண்ணீர் நின்றதையும் நான் கண்ணால் பார்த்தேன். சதுப்புநிலத்தைக் காப்பது வேண்டும். அந்த அம்மாவுக்கு வீடும் வேண்டும். எல்லையை முன்பே அளந்து, அதை ஒவ்வொரு மனையின் பதிவிலும் எழுதியிருந்தால் இந்த இரண்டும் ஒன்றோடொன்று மோதியிருக்காது.

எழுத முடியுமா என்று கேட்பீர்கள். எழுதுகிற ஊரை நான் பார்த்திருக்கிறேன். என் மகள் அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஒரு சிற்றூரில் இருக்கிறாள். வீட்டுக்குப் பின்னால் ஓர் ஓடை. வருடம் முழுக்க ஓடுவது. பின்பக்கம் எங்களுக்காக ஓர் அறை கட்ட விரும்பினாள். அங்கே 1972 முதல் ஈரநிலச் சட்டம் இருக்கிறது. ஈரநிலத்திலிருந்து 100 அடிக்குள்ளும், வற்றாத ஓடையிலிருந்து 200 அடிக்குள்ளும் மண்ணைத் தொட வேண்டும் என்றால் ஊரின் இயற்கைப் பாதுகாப்புக் குழுவிடம் முதலில் போக வேண்டும்.

ஒரு ஈரநில வல்லுநர் வந்தார். கையில் மண் துளைக்கும் கருவி. ஓரடி ஆழம் துளைத்து மண்ணை எடுத்து, நிற அட்டையோடு வைத்துப் பார்த்தார். நீரில் வெகுகாலம் கிடந்த மண் சாம்பல் நிறமாகிவிடும், நடுவே துரு நிறத்தில் புள்ளிகள் இருக்கும். நம் வயல் களிமண்ணைப் பிளந்து பார்த்த எவருக்கும் இது தெரியும். செடிகளையும் பார்த்தார், ஈரத்தில் மட்டும் வளர்பவை எவை என்று. மண்ணும் செடியும் எங்கே மாறுகின்றனவோ அங்கே எண் எழுதிய சின்னக் கொடிகளை வரிசையாக நட்டார். தண்ணீரின் எல்லை அதுதான். அன்றைக்கு அங்கே ஒரு துளித் தண்ணீர் மேலே இல்லை. ஆவணத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று அவர் கேட்கவே இல்லை. மண்ணைக் கேட்டார்.

பிறகு 100 அடிக்குள் உள்ள அண்டை வீட்டார் எல்லோருக்கும் கடிதம் போனது. ஒரு மாலை ஊர் மண்டபத்தில் விசாரணை. குழுவில் உட்கார்ந்திருந்தவர்கள் சம்பளம் வாங்காத உள்ளூர்க்காரர்கள். அண்டை வீட்டுப் பெரியவர் ஒருவர் எழுந்து, வசந்தத்தில் எங்கே தண்ணீர் தேங்கித் தவளை முட்டையிடும் என்று சொன்னார், அதைக் குறித்துக்கொண்டார்கள். ஓடையிலிருந்து தள்ளி வேறு பக்கம் கட்ட முடியாதா என்று கேட்டார்கள். அறை பக்கவாட்டுக்கு நகர்ந்தது, கொஞ்சம் சிறிதானது. வேலை தொடங்கும்முன் ஓடைப் பக்கம் வைக்கோல் உருளை போட்டு மண் கரைந்து போகாமல் தடுக்க வேண்டும், கோப்பு எண்ணை எழுதிப் பலகை மாட்ட வேண்டும் என்று நிபந்தனைகள். அதற்குப் பிறகு நடந்ததுதான் என்னைத் தூங்கவிடவில்லை. அந்த நிபந்தனை ஆணையைப் பத்திரப் பதிவகத்தில் அந்த வீட்டின் பெயரில் பதிவு செய்த பிறகுதான் முதல் மண்வெட்டியைப் போடலாம். வேலை முடிந்து, சரியாகக் கட்டினாள் என்று குழு சான்று தந்து, அதையும் பதிய வேண்டும். நாளைக்கு அந்த வீட்டை வாங்குகிறவர் பதிவேட்டைப் பார்த்தால் ஓடை அதில் இருக்கும்.

அங்கேயும் எல்லாம் சீராக இருக்கிறது என்று சொல்லமாட்டேன். ஐடஹோ மாநிலத்தில் ஒரு தம்பதி ஏரியருகே வீடு கட்ட 2007இல் மண் நிரப்பத் தொடங்கினார்கள். மத்திய அரசு நிறுத்தியது. வழக்கு 2023 மே மாதம் வரை நடந்து, உச்ச நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. ஆறு, ஏரிகளோடு மேற்பரப்பில் தொடர்ச்சியான நீர்த் தொடர்பு இல்லாத ஈரநிலம் மத்தியச் சட்டத்துக்குள் வராது என்றது. நாடு முழுக்க எத்தனையோ ஈரநிலங்கள் அதனால் காப்பை இழந்தன. என் மகள் ஊரில் மாநிலச் சட்டம் தனியே இருந்ததால் அங்குள்ள ஈரநிலங்களுக்கு அந்தச் சட்டத்தின் காப்பு தொடர்ந்தது.

ஆகவே என் கோரிக்கை ஒன்றுதான். இதை நான் மனுவாகவும் எழுதியிருக்கிறேன், இன்னும் எழுதுவேன். புலப்படத்தில் வாய்க்கால், ஓடை, உள்வாய் தொடும் ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் அந்தச் செய்தி வில்லங்கச் சான்றிலேயே வர வேண்டும். நீர்வளத் துறை எழுதும் நிபந்தனைகளும் அதில் பதிய வேண்டும். அடமானத்தைச் சொல்லும் காகிதம் ஆற்றையும் சொல்லட்டும். தகவல் எல்லாம் அரசிடமே இருக்கிறது. ஒரு துறையின் அலமாரியிலிருந்து இன்னொரு துறையின் கணினிக்கு வர வேண்டும், அவ்வளவே.

அது வரும்வரை நீங்களே பார்த்துக்கொள்ள வேண்டும். முன்பணம் கொடுக்கும் முன் இணையத்தில், நிலத்தின் வகையைச் சொல்லும் 'அ' பதிவேடும் புலப்பட நகலும் எடுங்கள். பட்டாவோடு நிறுத்தாதீர்கள், சில ஏரிகளில் உள்வாயிலேயே பட்டா நிலம் உண்டு. உங்கள் சர்வே எண்ணை மட்டும் பார்க்காமல் சுற்றியுள்ள எல்லா எண்களையும் பாருங்கள். அடுத்த எண் 'வாய்க்கால் புறம்போக்கு' என்று இருந்தால் அது எங்கிருந்து வந்து எங்கே போகிறது என்று கிராம வரைபடத்தில் விரல் வைத்துத் தொடருங்கள். 1980களில் நடந்த நிலவுடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தின் (யூ.டி.ஆர்.) பதிவில் தவறுகள் உண்டு. சந்தேகம் இருந்தால் அதற்கு முந்தைய பதிவேட்டைக் கேளுங்கள். ஊர்ப் பெயரைக் கேளுங்கள். தாங்கல், ஏந்தல், மடுவு, குட்டை என்று முடிந்தால் இன்னும் இரண்டு முறை கேளுங்கள். மனையைக் கார்த்திகையில் போய்ப் பாருங்கள், மழை பெய்த மறுநாள். அந்தத் தெருவில் ஆடு மேய்க்கிற பெரியவரைப் பிடித்து, "ஐயா, இங்க தண்ணி எது வழியா போகும்?" என்று கேளுங்கள். அவர் கையை நீட்டிக் காட்டுவார். பெரும்பாலும் புலப்படத்தின் கோடு எந்தப் பக்கமோ அந்தப் பக்கமே காட்டுவார்.

எங்கள் வீட்டில் என்ன ஆயிற்று என்று சொல்லவில்லை. வரிசையில் ஐந்து வீடுகள் என்றேன். எல்லோரையும் உட்காரவைத்துப் புலப்படத்தைக் காட்டினேன். முதலில் கோபம்தான் வந்தது. நான் எல்லோருடைய வீட்டுக்கும் விலையைக் குறைக்கிறேன் என்றார்கள். இரண்டு வருடம் பேசினோம். நாங்களும் மேலே உள்ள இரண்டு வீட்டாரும் பின்சுவரை இடித்து ஏழடி உள்ளே நகர்த்திக்கொண்டோம். அப்பா நட்ட மாமரம் அதில் போயிற்று. அம்மா அன்று முழுக்கப் பேசவில்லை. வாய்க்காலைத் தூர்வாரினோம். 2023 டிசம்பரில் தண்ணீர் வந்தது, எங்கள் இரண்டாவது படியோடு நின்று, மறுநாள் மாலைக்குள் இறங்கிவிட்டது. கீழே இரண்டு வீடுகளில் சுவர் இன்னும் அதே இடத்தில் இருக்கிறது. தண்ணீர் அங்கே போய் முட்டி, மூன்று நாள் நின்றது. அவர்களோடு இன்னும் பேசிக்கொண்டுதான் இருக்கிறோம்.

பத்திரம், பட்டா கொண்டுவந்திருப்பவர்கள் கூட்டம் முடிந்ததும் அந்த ஓரத்து மேசைக்கு வாருங்கள். புலப்பட நகல் வைத்திருப்பவர்கள் அதை மேலே எடுத்து வையுங்கள். இல்லாதவர்களுக்கு இங்கே உள்ள தம்பி ஒருவர் கணினியில் எடுத்துக் கொடுப்பார். முதலில் அதைப் பார்த்துவிட்டு மற்றதைப் பேசுவோம்.